தாழ்ப்பாள் கழற்றிய விடுதி

பாளையங்கோட்டையில் ஆதரவில்லாத பெண்களுக்கென்று நடந்த ஒரு விடுதியில் நான் மேற்பார்வை பார்த்தேன். விதவைகளும், புருஷன் விரட்டிவிட்டவர்களும் அங்கே தங்கித் தையல் படித்தார்கள். விடுதி ஒரு கமிட்டிக்குச் சொந்தம். அன்றாட அதிகாரமெல்லாம் மானேஜர் கையில். ஜெபத்தில் கண்ணீர் விடுகிறவர் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

ஒரு கோடையில் ஆசாரியை வரவழைத்து, பெண்கள் படுக்கிற அறைகளின் உள்தாழ்ப்பாள்களை எல்லாம் அவர் கழற்றிவிட்டார்.

"உள்ள பூட்டிக்கிட்டு எவளாவது தொங்கிட்டா யாரு பதில் சொல்லுதது?" என்றார்.

அதன்பிறகு நினைத்த நேரமெல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், பெண்கள் சேலை மாற்றுகிற வேளையிலும். இருந்தவர்களில் இளையவள் அறைக்குப் போகப் பயந்து, ஈரச்சேலையோடு கிணற்றடியிலேயே நிற்பாள். நான் மானேஜரிடம் நேரே கேட்டேன். மறுநாள் எனக்கு வேலை இல்லை.

அம்பாசமுத்திரத்தில் அக்காள் வீட்டுக்குப் போனேன். அறுவடை நேரம், வீடு நிறைய வேலை. எனக்கோ எதுவும் ஓடவில்லை. நெல்லைக் காயப்போட்டுவிட்டு உடனே வாரக் குனிவேன். துணியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய், துவைக்காமலே திரும்பி வருவேன்.

"ஏட்டி, வேலைதான் போயிட்டுல்லா? பெறகு எதுக்கு அதையே நெனச்சு உருகுதே?" என்றாள் அக்காள்.

"நான் வெளிய வந்துட்டேன். அவளுவ உள்ளதான இருக்காளுவ."

மறுநாள் பாளையங்கோட்டைக்கு ரயிலேறி, கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு வக்கீல். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"வேலைய விட்டு நிறுத்துனா கோவம் வரத்தான் செய்யும். அதுக்காவ ஒரு நல்ல மனுசன் மேல சேத்த வாரி எறியலாமா?"

"கோவம் இருக்கட்டும், ஐயா. கதவப் போயிப் பாருங்க."

அவர் கதவைப் பார்க்கவில்லை. பெண்களை வரிசையாக நிறுத்தி, மானேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே விசாரித்தார். ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டதாக, நான் மறுபடி போய்க் கேட்டபோது சொன்னார். கேட்டதும் எனக்கு அவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. தெருவில் நடக்க நடக்க அது தணிந்தது. இல்லை என்று சொல்லாவிட்டால் அன்று ராத்திரி அவர்கள் எங்கே போய்ப் படுப்பார்கள்?

வந்த வழியே வக்கீல் வீட்டுக்குத் திரும்பி, அவர் மனைவியைக் கூப்பிட்டுப் பேசினேன். அந்த அம்மாள் அதிகம் கேட்கவில்லை. வண்டி பூட்டச் சொல்லி, என்னையும் ஏற்றிக்கொண்டு விடுதிக்கு வந்தார். மானேஜர் வாசலுக்கே ஓடிவந்து வரவேற்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது.

"வண்டி குலுக்குன குலுக்குல சேல அவுந்துட்டு. சரிபண்ணிட்டு வாரேன்" என்று அந்த அம்மாள் ஓர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

உள்ளேயிருந்து கதவைத் தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"இத எப்பிடிப் பூட்டுதது?"

கதவைத் திறந்து, கைநிறையச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாழ்ப்பா இருந்த ஓட்டைதான் இருக்கு. இங்கனயா இத்தன பொம்பளையளும் துணி மாத்துதாவ?"

மானேஜர் பழைய காரணத்தையே சொல்லத் தொடங்கினார். அப்போது இளையவள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "மாத்த விடமாட்டாரும்மா. உள்ள வந்துருவாரு" என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள்.

அந்த வாரமே தாழ்ப்பாள்கள் திரும்ப வந்தன. மானேஜருக்குப் பதிலாக ஓர் அம்மாளை வைத்தார்கள். என்னை யாரும் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை; நல்ல மனிதரைக் கவிழ்த்தவள் என்று சிலர் ஞாயிறு ஆராதனையின்போது கோயிலில் என் பக்கத்தில் உட்காராமல் நகர்ந்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மானேஜரைக் கமிட்டியின் வயல்களைப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோதுதான் தாங்கவில்லை. அங்கே நடவுக்கு வருகிறவர்களெல்லாம் பெண்கள்தானே?

மறுபடியும் போய் வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"இன்னுமா?" என்றார் அந்த அம்மாள்.

"இன்னுந்தாம்மா."

சலித்துக்கொண்டாலும் கணவரிடம் சண்டை பிடித்தார். நடவு முடிவதற்குள் மானேஜரை அங்கிருந்தும் விலக்கினார்கள். பிறகு எங்கே போனார், யார் வேலை கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அது தெரியாமல் இருப்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.