ஒட்டுப்பால்

கழுவி எடுத்த கண்ணாடித் துண்டு ஒன்றை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடிப்பாள் தினேஸ்வரி. முகமூடியைத் தாடைக்கு இறக்கி, அதன்மேல் 'ஹா' என்று மூச்சு விடுவாள். மூச்சுப்பனி ஒரே சீராகப் படர்ந்து ஒரே சீராக மறைந்தால், அதோடு குளித்த மற்றத் துண்டுகளும் சுத்தம். திட்டுத்திட்டாக நின்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது. எல்லாவற்றையும் மறுபடி கழுவவேண்டும்.

ஜெலாப்பாங்கில் உள்ள அந்தத் தொழிற்சாலையில், காற்றை உறிஞ்சியெடுத்த பெட்டிக்குள் உலோகத்தை ஆவியாக்கி, அந்தக் கண்ணாடிகளின்மேல் மயிரிழையைவிட மெல்லிய படலங்களை வளர்ப்பார்கள். வெயிலை மின்சாரமாக்கும் தகடு அப்படித்தான் உருவாகிறது.

சேர்ந்த புதிதில் ஒரு தகட்டின் படலம் உரிந்து வந்தது. "ஒட்டுப்பால் மாதிரி வருது பாரு," என்றாள், பக்கத்தில் நின்ற பிரமிளாவிடம். ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டில் காய்ந்த பாலை உரித்து வளர்ந்தவளுக்கு வேறு சொல் வரவில்லை. மறுநாள் கேண்டீனில், அத்தனை பேர் நடுவில் மேலாளர் ஹரிஷாந் கூப்பிட்டார்: "ஒட்டுப்பால், இங்க கொஞ்சம் வாங்க." ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த 'வாங்க'தான் அவளை அதிகம் சுட்டது.

தான் பிரமிளாவிடம் சொன்னதை ஹரிஷாந் கதவோரம் நின்று கேட்டிருப்பார் என்று முடிவு கட்டினாள்.

"அவரு தாத்தா தோட்டத்துல கணக்கெழுதுன கிராணிலா. விடியக்காலம் பெரட்டுல ஆளுங்கள நிக்க வச்சு பேர் கூப்புட்ட வம்சம், வேற எப்படிக் கூப்புடும்?" என்ற பிரமிளா, தன் தட்டிலிருந்த மீனை எடுத்து இவள் தட்டில் வைத்தாள்.

பேர் நிலைத்துவிட்டது. தினேஸ்வரி காத்திருந்தாள்.

வெளிநாட்டிலிருந்து தகடு வாங்குபவர்கள் வரவிருந்தார்கள். படலத்தின்மேல் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்து, அது அசையாததைக் காட்டுவது ஹரிஷாந்தின் வழக்கம். அதற்கான கண்ணாடியைக் கழுவிய அன்று அவள் கையுறையைக் கழற்றினாள். மூக்கோரத்துப் பிசுக்கை விரலால் தொட்டு நெடுகத் தேய்த்தாள். மூச்சு விட்டுப் பார்த்தாள். பனி திட்டுத்திட்டாக நின்றது. மறுபடி கழுவவில்லை.

வந்தவர்கள் முன்னால் ஹரிஷாந் டேப்பை இழுத்தார். படலம் அதோடு நீளமாக, சத்தமில்லாமல் எழுந்து வந்தது.

"ஒட்டுப்பால், சார்," என்றாள் பின்னால் நின்ற தினேஸ்வரி.

டவுனில் பிறந்து வளர்ந்த அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் அவளையே பார்த்தார். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஹரிஷாந்தை லூமுட் கிடங்குக்கு மாற்றினார்கள். போகும்போது கழுவும் அறை வாசலில் வந்து நின்றார். "போயிட்டு வாரேன், ஒட்டுப்பால். நல்லா இருங்க." இன்னும் கொழுப்பு அடங்கவில்லை என்று நினைத்தவள், திரும்பிப் பாராமல் குழாயைத் திறந்துவிட்டாள்.

அவரை லூமுட்டில் இறக்கிவிட்ட டிரைவர் ராஜு, பல வாரம் கழித்துத் தேத்தண்ணிக் கடையில் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "அந்த சார் பாவம்க்கா. வழியெல்லாம் ஒங்க பேச்சுதான். ஒட்டுப்பால்னா என்னான்னே அவருக்குத் தெரியல. வீட்ல ஒங்களுக்கு அதான் செல்லப் பேரு, அப்படிக் கூப்புட்டா சந்தோசப்படுவீங்கன்னு பிரமிளாக்காதான் சொல்லிக் குடுத்தாங்களாம்."