ஒரு வேலிக்கொடியோடு பத்து வருஷம்

எங்கள் தொழிலில் எல்லாம் சரியாக நடந்தால், எதுவுமே நடக்காது. புற்றுநோயைக் குணப்படுத்தும் டாக்டரிடம் நோயாளி வந்து கைகூப்புவார். அது வராமலே தடுக்க வழி தேடுகிற எங்களிடம் யார் வருவார்? தனக்கு வரவிருந்தது வராமல் போனது அவருக்கே தெரியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டு, பாயசம் வருவதற்குள் விளக்கி முடிக்க முடியாமல் விழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

நான் புதுச்சேரியில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறேன். வேலிகளில் தானாகப் படரும் ஒரு கொடி. அதன் இலையில் இருக்கும் ஒரு பொருள் குடலில் புற்றுநோய் உண்டாவதைத் தடுக்குமா என்று பார்ப்பதிலேயே எனக்குப் பத்து வருஷம் போனது.

சுத்தமான இலை

எங்களுக்கு இலை கொண்டுவந்தவர் தனசேகர். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, ஊரில் அரைக்காணி நிலம். வேலிக்கொடியை நிலத்திலேயே நட்டு வளர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். முதல் மூட்டை வந்ததும் இலையை நிழலில் காயவைத்து, அரைத்து, சாரம் எடுத்து, தட்டில் வளர்க்கும் புற்றுநோய்ச் செல்கள் மேல் விட்டோம். மறுநாள் காலை ஒரு செல்கூட உயிரோடு இல்லை. எங்கள் துறைத்தலைவர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அதே சாரத்தை நல்ல செல்கள் மேல் விட்டோம். அவையும் செத்தன. ரோட்டோரம் பறித்த இலையின் சாரமோ எதையும் கொல்லவில்லை. புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைக் கொஞ்சம் மந்தமாக்கியது, அவ்வளவுதான். சந்தேகம் வந்து தனசேகரின் நிலத்துக்கே போனேன். வரப்பில் காலி பூச்சிமருந்து டப்பாக்கள் கிடந்தன. மருந்து அடிக்கக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. வேலிக்கொடிக்கு யார் மருந்து அடிப்பார்கள்? விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போற இலைன்னு சொன்னீங்க மேடம். பூச்சி கடிச்சதைக் குடுத்தா அசிங்கமில்ல? அதான் ரெண்டு தடவ கூட அடிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமைத் தீனி

தட்டில் வளரும் செல்களுக்கு லீவு கிடையாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதியது விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்தவர் எங்கள் லேப் டெக்னீஷியன் பிலோமினா. உப்பளம் பகுதியில் வீடு. காலைப் பூசை முடிந்ததும் யாரிடமும் நின்று பேசாமல் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவார். பங்குச்சாமியார் ஒருநாள் மறித்து, அப்படி என்ன அவசரம் என்று கேட்டிருக்கிறார். "அதுங்களுக்குத் தீனி வைக்கணும் ஃபாதர், இல்லன்னா செத்துடும்" என்று சொல்லிவிட்டுப் பிலோமினா வந்துவிட்டார்.

அந்த டிசம்பரில் பிலோமினா வீட்டு விசேஷத்தில் சாமியாரைச் சந்தித்தேன். நான்தான் பிலோமினாவின் மேலதிகாரி என்று தெரிந்ததும் என்னைத் தனியாக அழைத்துப் போய், தயக்கத்தோடு கேட்டார்: "கிறிஸ்மஸுக்கு உங்க பண்ணையில ரெண்டு நாட்டுக்கோழி கிடைக்குமாம்மா?"

பேப்பரில் வந்த போட்டோ

ஒரு கருத்தரங்கில் எங்கள் வேலையைப் பற்றிப் பேசினேன். வந்திருந்த நிருபர் இலையோடு என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். மறுநாள் பேப்பரில், 'புற்றுநோய்க்கு வேலிக்கொடியில் மருந்து: புதுவை பெண் விஞ்ஞானி கண்டுபிடிப்பு' என்று வந்தது. மறுப்பு எழுதி அனுப்பினேன். வரவில்லை. பெரியம்மா பெண் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து வாழ்த்தினாள். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான். இரண்டாவது மறுப்பு எழுதாமல் விட்டதற்கு அதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

ஒன்றரை மாதம் கழித்து குமரவேல் என்பவர் வந்தார். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லேத் ஓட்டுகிறவர். பேப்பர் துண்டை ஆஸ்பத்திரி பைலுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். "வீட்டுல அவங்களுக்கு மார்புல கட்டி. காலைல அரை டம்ளர், சாயங்காலம் அரை டம்ளர் சாறு குடுக்கறேன் மேடம். இன்னும் கூட்டலாமா?"

"ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்க?"

"அங்க போறதில்ல. ஊசி போட்டா வாந்தி எடுக்கறா, முடி கொட்டுது. இதான் கண்டுபிடிச்சிட்டீங்களே, அது எதுக்குன்னு நிறுத்திட்டோம்."

இது தட்டில் நடந்த சோதனை, மனிதர் யாரும் இன்னும் சாப்பிட்டதில்லை, நோய் வந்தவர்களுக்கானதே இல்லை என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேப்பர்ல அப்டி போடலையே" என்றார். அன்று சாயங்காலமே பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கட்டி பெரிதாகியிருந்தது. ஊசியைக் கூட்டி, ஆபரேஷனையும் பெரிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அவர் மனைவி செல்வி பிழைத்துக்கொண்டார். இப்போது தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். வலது கையை மட்டும் முழுதாகத் தூக்க முடியாது.

அவர்கள் வீட்டுக்குப் போன அந்தச் சாயங்காலம் நான் குமரவேலைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன். ஒரு டாக்டரைக் கேட்டிருக்க வேண்டாமா என்று. அவர் தலை குனிந்து நின்றார். தலையில் துண்டு கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்த செல்வி, கோபமே இல்லாமல் சொன்னார்: "அவரைத் திட்டாதீங்க மேடம். பேப்பர்ல இருந்தது உங்க போட்டோதான்."

மாவு மாத்திரை

பிறகு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. குடலில் சதைக்கட்டி வந்து எடுத்தவர்களுக்கு அது மறுபடி வருமா என்பதுதான் கேள்வி. பாதிப் பேருக்கு எங்கள் மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வந்தவர்களில் மரியதாஸ் ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சொல்தாதான், பிரெஞ்சில் சிப்பாய். இஸ்திரி போட்ட சட்டையோடு, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வருவார்.

ஏழாவது மாதம் அவர், "மதாம், ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார். ஆவல் தாங்காமல் மாத்திரையை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். கசப்பே இல்லையாம். கொடியின் இலை நல்ல கசப்பு. விதிப்படி இதை எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினேன். அவர் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். விலகவில்லை. மாவு என்று தெரிந்தும் மிச்ச மாதங்கள் முழுக்க வந்தார், ரத்தம் கொடுத்தார், குழாய் விட்டுப் பார்க்கிற அந்தக் கஷ்டமான சோதனைக்கும் படுத்தார். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "எல்லாருமே மருந்து சாப்ட்டா, அப்றம் எதோட ஒத்துப் பாப்பீங்க மதாம்?"

முடிவு

கடைசியில் ரகசியப் பட்டியலைத் திறந்தோம். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. தட்டில் வேலை செய்த பொருளை உடம்பு ரத்தத்தில் சேர்க்காமலே வெளியே தள்ளியிருந்தது. கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பிலோமினா வந்து பக்கத்தில் டீ வைத்துவிட்டுப் போனார். குடிக்க மறந்து அது ஆறிப்போனது.

கலந்துகொண்டவர்களைக் கூப்பிட்டு நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். கடைசியில் அதைப் படிக்காமல், "வேலை செய்யலீங்க, மன்னிச்சிடுங்க" என்றேன். யாரும் கோபப்படவில்லை. சொல்தா எழுந்து கைகொடுத்தார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றேன். பின்வரிசையில் மீன் விற்கும் அஞ்சலையம்மாள் கை தூக்கினார். ஆராய்ச்சியில் சேருகிறவர்கள் புகையிலை போடக் கூடாது என்பது எங்கள் நிபந்தனை. முப்பது வருஷப் பழக்கத்தை எங்களுக்காக விட்டிருந்தவர். என்னையும், வித்தியாசமில்லை என்று எழுதி எல்லோருக்கும் கொடுத்திருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நாளையிலேர்ந்து நான் பொயில போட்டுக்கலாமா டாக்டரம்மா?"

பத்து வருஷம் செல்லையும் இலையையும் மனிதரையும் சோதித்த பிறகு என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது "போடக் கூடாது" என்ற ஒன்றைத்தான். அது புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே படத்தோடு அச்சடித்திருக்கிறது.