இருளாயி அணைத்த சூடம்

1983ஆம் ஆண்டு மார்ச் 9, புதன்கிழமை. காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. காவிரி மணலைத் தொட்டு வந்த காற்றும் கொதித்தது. திருவரங்கத்துத் தாய்சேய் நல விடுதியில், ஏழு மாத வயிற்றைத் தாங்கியபடி இருளாயி வரிசையில் நின்றாள்.

மருங்காபுரிப் பக்கம் கல்லுடைத்தவள். இடுப்பு வலிக்கு அபின் உருண்டை தின்னத் தொடங்கியவள், பிறகு அது இல்லாமல் எழுந்து நடக்கவே இயலாதவளானாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்தது. இதுவாவது உயிரோடு பிறக்க வேண்டும் என்றுதான் ஊரைவிட்டு வந்து, டாக்டர் அமிர்தத்திடம் சேர்ந்தாள். அபினுக்கு மாற்றாக மருந்தை அளந்து கொடுத்து, அளவை மெல்ல மெல்லக் குறைப்பது அமிர்தத்தின் முறை. "ஒரேயடியா நிறுத்தினா வயித்துப் புள்ளை தாங்காது" என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் அவர் சென்னைக்குப் போயிருந்தார். மருந்து நர்ஸ் செல்வமேரியின் பொறுப்பில் இருந்தது.

"வந்துட்டா மகாராணி! புள்ளத்தாச்சிங்க மாங்காய் கேப்பாங்க, இவ அபின் கேக்குறா!" என்றாள் செல்வமேரி. வரிசை சிரித்தது.

"அபின் இல்லீங்கம்மா, டாக்டரம்மா குடுக்குற மருந்துங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்டி. தவக்காலத்துல இந்தப் பாவத்தை என் கையால ஊத்த மாட்டேன். சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினா உங்க ஊர்க்காரங்க மீற மாட்டீங்களாமே? அணை, பார்ப்போம். இல்லேன்னா பிரசவத்துக்கு வேற இடம் பாத்துக்க."

பின்னால் நின்ற ஒருத்தி, கோயிலுக்கென்று முந்தானையில் முடிந்திருந்த சூடத்தை அவிழ்த்துத் தரையில் வைத்துக் கொளுத்தினாள். இருளாயி எரிந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

"கருப்பசாமி சத்தியமா, இனிமே அபினையும் தொட மாட்டேன், மருந்தையும் தொட மாட்டேன்."

மறுநாள் வாந்தி நிற்கவில்லை. அதற்கடுத்த நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். "நாடகக் கொட்டகையில சேத்துவிடலாம் இவளை" என்று சொல்லி, செல்வமேரி மருந்து அலமாரியைப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை, அவள் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், ஆண்பிள்ளை உயிரின்றிப் பிறந்தது.

திங்களன்று திரும்பிய அமிர்தம், மருந்தை ஏன் நிறுத்தினாய் என்று செல்வமேரியிடம் கத்தினார். செல்வமேரி அசையவில்லை. "புள்ளை போனா போகுது டாக்டர். அபினை விட்டுட்டாளே, அது பெரிசில்லையா?"

அமிர்தம் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"இருளாயி, நாளையிலேருந்து நானே மருந்தை அளந்து தர்றேன். வருவியா?"

"வரலீங்க. புள்ளைக்காகத்தான் வந்தேன், புள்ளைக்காகத்தான் சத்தியமும் பண்ணினேன். இனிமே ஊர்லயே அபின் வாங்கிக்கிறேன்."