ஈரம் விடாத விரிப்புகள்

விடத்தல்தீவில் பிறந்த அருட்பிரகாசம் பதினைந்து வயதிலிருந்து சங்கு குளித்தவன். முப்பத்தாறாவது வயதில், ஏழு பாக ஆழத்தில், ஏழு ஆள் உயரத் தண்ணீருக்குள், வலது காதுக்குள் ஏதோ வெடித்தது. வள்ளத்தில் ஏற்றியபோது கழுத்துவரை இரத்தம். இனிக் கடலுக்குள் இறங்கினால் மற்றக் காதும் போகும், ஆளும் போகும் என்று டொக்டர் சொன்னார். அவன் அந்தச் சொல்லைக் கேட்கிற ஆளில்லை. கேட்டவள் அவன் மனைவி லூசியா. மன்னார்த் தீவில் கன்னியர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்கு அவளே நடந்துபோய், பெரிய மதரின் காலடியில் நின்று, அவனுக்குத் துணி தோய்க்கும் வேலையைக் கேட்டு வாங்கினாள்.

சங்குக்காரன் துணி தோய்ப்பதா என்று ஊர் சிரித்தது. சிரிக்கிற வாய்க்குச் சோறு போட யார் வந்தார்கள்? ஆனால் இது கையால் தோய்க்கிற வேலையில்லை. சீமையிலிருந்து யாரோ புண்ணியவான் மதருக்கு ஒரு மெசின் அனுப்பியிருந்தார். பெரிய மரத்தொட்டி, சுற்றுவதற்கு ஒரு கைபிடி, மேலே இரண்டு றப்பர் உருளைகள். தொட்டிக்குள் துணியைப் போட்டுச் சுற்றினால் அழுக்குப் போகும். உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுற்றினால் துணி அப்பளம்போலத் தட்டையாக வெளியே வரும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரித் துணியைத் தீவுக்கு வெளியே, தரைப்பக்கத்துக் குளத்துக்குக் கொண்டுபோய் வெளுத்துவந்த கட்டாடி சவரிமுத்துவுக்கு வேலை போயிற்று. அருட்பிரகாசம் அந்த ஆளைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவான்.

மெசினுக்கு ஒரு கெட்ட பழக்கம், தண்ணீர். நாளொன்றுக்கு ஐம்பது வாளி கேட்கும். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு ஆடியில், ஆஸ்பத்திரிப் பின்பக்கத்துத் தோய்க்கிற கிணறு வாளி முட்டுகிற அளவுக்கு வற்றிப்போனது. அருட்பிரகாசம் யாரையும் கேட்கவில்லை. இல்லாத பொருள் கீழே இருக்கும், மூச்சுப்பிடித்துப் போனால் கிடைக்கும் என்பது அவன் வாழ்க்கை முழுக்கப் படித்த பாடம். கிணற்றுக்குள் இறங்கி இரண்டு முழம் தோண்டினான். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. மதர் கிணற்றடிக்கே வந்து பார்த்துவிட்டு, "நீர் கெட்டிக்காரர்" என்று தன் புத்தகத் தமிழில் புகழ்ந்தார். மூன்று நாள் அவனுக்குக் கால் தரையில் படவில்லை.

ஆவணி பிறந்ததும் விரிப்புகள் ஈரமாகத் தொடங்கின.

மத்தியானம் கொடியிலிருந்து எடுக்கும்போது மொரமொரவென்றுதான் இருக்கும். பொழுது சாய்ந்து கட்டிலில் விரித்தால் ஈரம். பிழிந்த ஈரமில்லை, காய்ச்சல்காரன் நெற்றியில் இருக்கிற மாதிரி ஒரு கசகசப்பு. அருட்பிரகாசத்துக்கு அது வித்தியாசமாகவே படவில்லை என்பதுதான் வேடிக்கை. கடற்கரையில் பிறந்தவனுக்கு இடுப்பில் கட்டிய சாரம் பின்னேரம் ஈரமாவது சூரியன் மேற்கே விழுகிற மாதிரித்தான். நோயாளிகள் முணுமுணுத்த பிறகே அவன் தொட்டுப் பார்த்தான்.

அதே கிழமை லூசியாவுக்கு நெஞ்சுச் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, அதே ஆஸ்பத்திரியின் பெண்கள் வாட்டில் கிடத்தினார்கள். அவன் தோய்த்த விரிப்பில் அவன் மனைவி. இருமல் கிணற்றடிவரைக்கும் கேட்டது. ஒரு காதுக்கே அது போதுமாயிருந்தது. பன்னிரண்டு நாளாகியும் குறையாமல் போக, டொக்டர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நெஞ்சில நீர் கோத்திருக்கு. காய்ஞ்ச படுக்கை வேணும். இப்பிடி ஈரத்தில கிடந்தால் நான் மருந்து குடுத்துப் பிரயோசனமில்லை."

அவன் பயந்துபோனான். அன்றைக்கே உப்புக்குளம் பகுதிக்குப் போய், தையல் மெசினும் சைக்கிளும் திருத்துகிற ஜுனைதீனைக் கையோடு கூட்டிவந்தான்.

ஜுனைதீன் உருளைகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்த்தார். "ஒரு பக்கத்துச் சுருள்கம்பி தளர்ந்திருக்கு அருட்பிரகாசம். இந்தப் பக்கம் இறுக்குது, அந்தப் பக்கம் சும்மா தடவுது. ஈரம் நிக்காமல் என்ன செய்யும்?"

கம்பியை மாற்றினார். ஈரம் போகவில்லை. அடுத்த நாள், "விரிப்பை மடிச்சு விடுறீர், ஒற்றையா விடும்" என்றார். ஒற்றையாக விட்டான். போகவில்லை. மூன்றாம் நாள் றப்பரில் பொத்தான் கடித்த பள்ளங்களைக் கண்டுபிடித்துச் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினார். உருளைக்கு அடியில் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. அன்று பின்னேரமும் விரிப்புகள் ஈரம்தான்.

"சவர்க்காரம்கூட நுரைக்குதில்லை நானா," என்றான் அருட்பிரகாசம். "கடைக்காரன் கலப்படம் பண்ணுறான்."

ஜுனைதீன் கையைத் துடைத்துக்கொண்டார். "அது எனக்குத் தெரியாது. மெசினில பிழை இல்லை. அல்லாஹ்வுக்குப் பொதுவாச் சொல்லுறன், பிழை வேற எங்கயோ இருக்கு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று மெசினை உதைத்துக்கொண்டிருந்தவனுக்கு இனி உதைக்க ஒன்றுமில்லை. வாட்டுப் பக்கம் போகவே கால் கூசியது. போனாலும் லூசியா அவனுடைய இடது பக்கமாக முகத்தைத் திருப்பி, "எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் போய் வேலையப் பாருங்கோ" என்பாள். தாதிச் சிஸ்டர் படுக்கை ஈரமா என்று கேட்டால், "இல்லை சிஸ்டர், நல்லாக் காய்ஞ்சிருக்கு" என்பாள்.

அடுத்த நாள் காலை பத்துமணி வெயிலில் அவன் கொடியடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். தீவில் கழுதைகளுக்குக் குறைவில்லை. ஒன்று குட்டியோடு வந்து, தொங்கிய விரிப்பின் ஓரத்தில் வாயை வைத்தது. கல்லெடுத்து எறிந்தான். நாலடி தள்ளிப்போய், அடுத்த விரிப்பில் வைத்தது. தின்கிறதென்று நினைத்து எழும்பி ஓடினான். கழுதை கடிக்கவில்லை. நக்கிக்கொண்டிருந்தது, குட்டியும் தாயும், மிக ருசியாக.

அருட்பிரகாசம் விரிப்பின் ஓரத்தைத் தன் வாயில் வைத்தான்.

உப்பு.

கிணற்றுக்கு ஓடினான். நோயாளிகளின் இரத்தமும் சீழும் கழுவுகிற கிணறு. அந்தத் தண்ணீரை வாயில் வைக்க ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் மனம் வந்ததில்லை, அவனுக்கும்தான். வாளியோடு கவிழ்த்துக் குடித்தான். கடல்தண்ணீருக்குப் பாதி உப்பு. மன்னாரில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உவர் கீழே படுத்திருக்கும், கிணற்றை ஆழமாக்காதே என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மூழ்கிப் பிழைத்தவனுக்குத்தான் ஆழம் தெரியாமல் போயிற்று. காய்ந்தாலும் நூலுக்குள் உப்பு இருக்கும். கடலின் ஈரம் சுமந்த சோளகக் காற்று பின்னேரம் வந்ததும் அந்த உப்பு ஈரத்தைக் குடிக்கும். தன் கையால் தோண்டிய இரண்டு முழம், தன் பெண்சாதியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

வாட்டுக்குள் போய்க் கட்டிலடியில் முழங்காலில் விழுந்தான். "இஞ்சேர், உப்பு. கிணத்தில உப்பு. நான்தான் தோண்டினனான்."

லூசியா சற்று நேரம் இருமினாள். பிறகு, "எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"முதல் நாளே தெரியும். சங்குக்காரன்ர பெண்சாதிக்கு உப்பு மணக்காதோ? பதினைஞ்சு வருசம் உங்கட சாரம் தோய்ச்சனான்."

"அடி விசரி! அப்ப ஏன் சொல்லேல்ல? பதினாறு நாள்!"

"சொன்னால் மதர் உங்களை நிப்பாட்டிப்போடுவா. விளக்கை உடைச்சதுக்கே வாட்டில வேலை செய்த பெடியனை நிப்பாட்டினவ. கிணத்தைக் கெடுத்தவனை வைச்சிருப்பாவோ?" மூச்சு வாங்கினாள். "நிப்பாட்டினால் நீங்கள் திரும்பக் கடலுக்குத்தான் போவீங்கள். ஒருக்கால் காதைக் குடுத்திட்டு வந்தனீங்கள். அடுத்தமுறை ஆரை அனுப்பி உங்களைத் தேட? ஈரம்தானே, நான் பொறுப்பன்."

அவனுக்கு அவளை அடிக்கவேண்டும்போலவும் இருந்தது, அவள் காலைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் எழுந்து நேரே மதரின் அறைக்குப் போனான். வேலை போகட்டும், அவள் உயிர் மிஞ்சட்டும் என்ற நினைப்பு. கதிரையில் இருந்த மதருக்கு முன்னால் நின்று, தோண்டியதிலிருந்து கழுதைவரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தான், சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புவிக்கிற மாதிரி.

மதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதற்காகவா நடுங்குகிறீர்? கிணற்றில் மண்ணை இட்டு மேடாக்கலாமே. அதுவரை துணிகளைக் குளத்துக்கு அனுப்புவோம். நீர் ஏன் இதை முன்னரே கூறவில்லை?"

அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. மதர் திரும்பவும் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார்.

அருட்பிரகாசம் விரிப்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு சவரிமுத்துவின் வீட்டுக்குப் போய், படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டான். கட்டாடி அவனை மேலும் கீழும் பார்த்தான். "ஆரின்ர துணி?" என்றான். "என்ர பெண்சாதி படுக்க," என்றதும் மூட்டையை வாங்கினான். இருவருமாகத் தரைப்பக்கத்துக் குளத்துக்குப் போய் அலசி, காயவைத்து, அடுத்த நாள் பின்னேரம் கொண்டுவந்தார்கள்.

அவனே கட்டிலில் விரித்தான். பொழுது பட்டது; காற்று வந்தது; விரிப்பு காய்ந்தே கிடந்தது. லூசியா உள்ளங்கையால் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். இருமல் குறைந்திருக்கவில்லை. அது அதற்குப் பிறகும் அவளை முழுதாக விடவில்லை, ஒவ்வொரு சோளகத்துக்கும் வந்து போனது.

"மதர் என்ன சொன்னவ?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். அவளுடைய மெலிந்த முகத்தைப் பார்த்தான். பதினாறு இரவு அந்த முகம் ஈரத்தில் கிடந்தது.

"நல்ல ஏச்சு," என்றான். "இப்பவே வெளிய போ எண்டு நிண்டவ. காலில விழுந்து கெஞ்சித்தான் தப்பினனான்."

லூசியாவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. "பாத்தீங்களோ," என்றாள். "நான் சொல்லாமல் விட்டது நல்லதாப் போச்சு."

"ஓம்," என்றான் அருட்பிரகாசம்.