ஒரு காலாள் மிச்சம்

அன்று பின்னேரம் துறையடித் தேநீர்க் கடையில் நாங்கள் நாலு பேர்தான் மிஞ்சியிருந்தோம். கடைக்கார அக்கா, தோணிக்காரர், வாவியின் மேற்கே படுவான்கரையிலிருந்து தயிர் கொண்டுவந்து விற்றுவிட்டு வெறும் சட்டிகளோடு திரும்பக் காத்திருந்த தயிர்க்காரர், நான். தோணிக்காரரின் மனைவி கரையில் கட்டிய தோணிக்குள்ளேயே இருந்தார். அவரையும் சேர்த்தால் ஐந்து. பிறகு எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். வேறு யாருமில்லை.

ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கிற இரும்புத் தட்டைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். கடை இருந்த எழுவான்கரையில், கிழக்குப் பக்கம், ஆமி சோதித்து விட்ட பிறகுதான் அதில் ஏறலாம். சோதனை ஒரு மணித்தியாலத்திலும் முடியும், மூன்றும் ஆகும். காத்திருக்கிறவர்களுக்காக அக்கா ஒரு செஸ் பலகை வைத்திருந்தார். கறுப்பு ராசா எப்போதோ தொலைந்துபோய், அந்த இடத்தில் செத்துப்போன பென்டோர்ச் பற்றரி ஒன்று நின்றது. குண்டு செய்ய உதவும் என்று பற்றரியை மறுகரைக்குக் கொண்டுபோகத் தடை இருந்த காலம். ஆமிக்காரன் யாராவது கடைப் பக்கம் திரும்பினால் என் கை தானாகப் போய் அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போடப் பார்க்கும். "பலகையில நிண்டா அது ராசா. உன்ட பைக்குள்ள இருந்தா அது பற்றரி. வைடா அங்க!" என்று அக்கா ஏசுவார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பாதை வந்து மணி அடித்ததும் ஆட்டம் நின்றுவிடும். இரண்டு பேரின் காய்களையும் எண்ணுவோம். யாரிடம் கூட இருக்கிறதோ அவர் வெண்டவர், தேநீர்க் காசு மற்றவருடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு டவுன் சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்த நான், அந்த விளையாட்டை அங்கேதான் பழகினேன். காயை வெட்டுவது, வெட்டுப்படாமல் காப்பது, அவ்வளவுதான் செஸ் என்று நினைத்திருந்தேன். ராசாவை மடக்கி ஆட்டம் முடிந்ததை நான் அங்கே ஒருநாளும் கண்டதில்லை. அதற்கு முன்பே பாதை வந்துவிடும்.

அன்று பாதை வரவில்லை.

மத்தியானத்தோடு அக்கரையில் ஷெல் சத்தம் தொடங்கிவிட்டது. துறையை மூடிவிட்டோம், நாளைக்கும் தெரியாது என்று ஆமியின் காவலரணான சென்றியிலிருந்து சொல்லிவிட்டார்கள். காத்திருந்த சனம் டவுன் பக்கம் திரும்பிப் போனது. என்னால் போக முடியவில்லை. என் மனைவியும் நாலு வயது மகளும் அக்கரையில் இருந்தார்கள். சத்தம் கேட்டால் எங்கள் ஊர்ச் சனம் எல்லாம் கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற கோயிலுக்குப் போய்விடும். ஆனால் நான் அவளிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தேன். நான் வராமல் நீ வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது, வழியில் ஒருவரை ஒருவர் தவறவிட்டால் பிறகு தேட முடியாது என்று. பயத்தில் நானே யோசித்துச் செய்த ஏற்பாடு. இப்போது அந்த ஏற்பாடுதான் அவளை அங்கே இருத்தி வைத்திருந்தது.

நாலு மணி போலத் தோணிக்காரர் எழும்பினார். கரையோரக் கண்டல் மரங்களின் மறைவால் சென்றிக்குத் தெரியாமல் அக்கரையில் இருக்கிற வீட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

"ஒராளத்தான் ஏத்துவன். ரெண்டு பேர் ஏறினா நாலு பேரும் தண்ணிக்குள்ளதான்."

நானும் தயிர்க்காரரும் ஒன்றாக எழும்பினோம்.

"அண்ண, எனக்குச் சின்னப் புள்ள இரிக்கி," என்றேன்.

"எனக்கு நாலு மாடு கட்டினபடி நிக்கிது தம்பி. கயித்த அறுத்துக்கிட்டு ஓட அதுகளுக்குத் தெரியாது."

"சண்டை பிடிக்கிற நேரமா இது?" என்றார் அக்கா. "பலகையில ஆட்டம் அரைவாசியில கிடக்கு. வெண்டவர் போங்க. மறுகா கதை இல்ல."

தயிர்க்காரரும் நானும் ஆடி நிறுத்திய பலகையில் மூன்றே மூன்றுதான் மிச்சம். என் வெள்ளை ராசா, அவருடைய பற்றரி, என் காலாள் ஒன்று. எனக்கு உயிர் வந்தது.

"எண்ணுங்க அக்கா! எனக்கு ஒண்டு கூட."

"பாதை வந்தாத்தானே எண்ணுற?" என்றார் தயிர்க்காரர். "பாதை எங்க? காட்டுங்க பாப்பம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் சொல்லுறதும் சரிதான். முடிச்சுக் காட்டு தம்பி."

காலாளைக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோனால் மந்திரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். தள்ளினேன். அவர் பற்றரியைக் குறுக்கே வைத்தார். என் ராசாவைக் காலாளுக்குப் பின்னால் காவலுக்கு வைத்துக்கொண்டு மறுபடியும் தள்ளினேன். "சுறுக்கா, சுறுக்கா!" என்று கரையிலிருந்து தோணிக்காரர் கத்தினார். அக்கரையில் ஒன்று விழுந்தது. கிளாசுகள் அதிர்ந்தன. எந்த ஊர்ப் பக்கம் என்று காது போனது, கை தன் பாட்டில் தள்ளியது. கடைசிக்கு ஒரு கட்டம்தான் பாக்கி. பற்றரி கடைசி வரிசையில் காலாளுக்கு நேர் முன்னே ஒட்டி நின்றது. காலாள் வெட்டுப்படக் கூடாதே என்று ராசாவை அதற்கு நேர் பின்னால் கொண்டுபோய் வைத்தேன்.

தயிர்க்காரர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"எங்க போற நான்? போற கட்டமெல்லாம் வெட்டு. ஆனா நீங்க செக் வைக்கல்ல. இது சமன்."

"அப்பிடியும் ஒரு சட்டமா?"

"என்ட மகன் பள்ளிக்கூட டீமுக்கு ஆடினவன். அவன் சொல்லித் தந்த."

ஆடினவன் என்றார். இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பதில்லை.

"சமனெண்டா ஆரு போற?" என்றார் அக்கா.

"சமனெண்டா இடத்தில பாதி அவருக்கு, பாதி எனக்கு."

"பாதி ஆளை ஏத்தட்டாம்!" தோணிக்காரர் கயிற்றை அவிழ்த்தபடி கத்தினார். "தலைப் பக்கமா, கால் பக்கமா?"

தயிர்க்காரர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட பாதிய விக்கிறன். நூறு ரூவா. வேணுமா?"

பையில் நாற்பதுதான் இருந்தது. அவர் அதை வாங்கி எண்ணி மடித்து மடியில் செருகினார். "மிச்சத்த அடுத்த பாதையில தாங்க. ஓடுங்க."

தோணி விளிம்பு வரை தண்ணீர் நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன், மூச்சு விட்டால் பாரம் கூடிவிடும் என்பது போல. ஊரில் ஒரு வீட்டிலும் ஆளில்லை. என் வீட்டு வாசலில் மட்டும் அவள் பையைக் கட்டி வைத்துக்கொண்டு, பிள்ளையை மடியில் போட்டபடி இருந்தாள். "நீங்கதானே இரிக்கச் சொன்ன," என்றாள். ஒரு வார்த்தையும் கூட ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

கோயிலில் பதினொரு நாள் இருந்தோம். நான் மணலில் கட்டம் கீறி, இரண்டு கல்லும் ஒரு புளியங்கொட்டையும் வைத்து, அந்த ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு விசர் என்று நினைத்தார்கள். ஆறாம் நாள்தான் பிடிபட்டது. காலாளை முதலில் தள்ளக் கூடாது. ராசாதான் முன்னே போக வேண்டும். இரண்டு ராசாவும் நேருக்கு நேர், நடுவில் ஒரு கட்டம் விட்டு நிற்கும்போது, யார் நகர வேண்டியிருக்கிறதோ அவர் வழிவிட்டே ஆக வேண்டும். காலாளைப் பின்னுக்கு வைத்திருந்தால், அந்த நேரத்தில் அதை ஒரு கட்டம் தள்ளி, நகர்கிற முறையை மற்றவன் தலையில் கட்டிவிடலாம். நான் காலாளை எடுத்த எடுப்பிலேயே ஓடவிட்டு, தள்ள ஒன்றுமில்லாமல் நின்றிருக்கிறேன்.

பிறகு கோட்டை மிஞ்சிய ஆட்டம், இரண்டு காலாள் மிஞ்சிய ஆட்டம் என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். இப்போது காய் குறையக் குறையத்தான் எனக்கு ஆட்டம் தெளிகிறது. என்றாலும் மூன்று காய் மிஞ்சினால் இன்றைக்கும் கை முதலில் காலாளுக்குத்தான் போகும். இழுத்துத் தொடையில் வைத்துக்கொள்வேன்.

துறை திறந்ததும் முதல் பாதையிலேயே காசோடு போனேன். அக்கா பலகையை எடுத்துப் போட்டார், பற்றரியும் நின்றது. தயிர்க்காரர் வரவில்லை. அன்றிரவு கடையில் படுத்துவிட்டு விடியச் சட்டிகளோடு துறையோரம் வடக்கே நடந்தாராம், அதற்குப் பிறகு அக்காவும் காணவில்லை. அக்கரையில் தயிர் விற்கிற எல்லோரிடமும் விசாரித்தேன். மாடுகளை யாரோ அவிழ்த்துவிட்டதாக ஒருவர் சொன்னார். அவரைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த ஆட்டத்தை நான் வென்றிருந்தால் அவருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியிராது. வெல்லவில்லை. அறுபது ரூபாய் பாக்கி.