கீழே குனிந்து கொடுக்கவும்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இதில் ஒரு வரிகூட நான் கயிறு திரித்தது இல்லை. இது என் அக்காவுக்கு நடந்தது. அந்த நான்கு ஃபோட்டோக்களையும் என் கண்ணாலேயே பார்த்தேன். பேய் என்றதும் நடுநிசி, கும்மிருட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் மன்னிக்கவும். இது முழுக்க முழுக்கப் பட்டப்பகலில் நடந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அக்கா ஒரு பல் லேபில் வேலை செய்கிறாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் இடம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஏழு வயதில் ஒரு மகள். வீட்டில் அவளைச் சிட்டு என்போம். சிட்டுக்கு வீசிங் உண்டு. மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டால் நெபுலைசர் மெஷினில் மருந்தை ஊற்றி, முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, அந்தப் புகையைப் பத்து நிமிடம் சுவாசிக்க வைக்க வேண்டும்.

மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீட்டுக்கு அவர்கள் புதிதாகக் குடிபோன சமயம். ஆன்லைன் கடைக்காரன் ஒரு மாதத்துக்கு விரைவு டெலிவரியை இலவசமாகக் கொடுத்தான். ஆர்டர் போட்டால் இரண்டே மணி நேரம். அக்காவுக்கு ஒரே கொண்டாட்டம். அத்தானுக்குத்தான் பொறுக்கவில்லை.

"துணி கிளிப்புக்கு என்ன தலைபோற அவசரம்? மாசம் முடிஞ்சா இதுக்குக் காசு கேப்பான். சும்மா வர்றது நாலு நாள்ல தானா வந்துட்டுப் போகுது."

"அந்த நாலு நாளும் காயப்போட்ட துணியை நீங்க பிடிச்சிட்டு நிக்கறீங்களா?" என்றாள் அக்கா.

பார்சலை வைத்ததும் டெலிவரிக்காரர்கள் வாசலோடு சேர்த்து ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். கொடுத்ததற்கு அதுதான் சாட்சி. முதல் ஃபோட்டோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11:42க்கு லேபில் இருந்த அக்காவுக்கு வந்தது. பூட்டிய கதவு. மிதியடி மேல் பெட்டி. சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது பெட்டி உள்ளே, செருப்பு ஸ்டாண்டின் மேல் இருந்தது. அத்தான் நடுவில் வந்து எடுத்து வைத்திருப்பார் என்று அவள் நினைத்தாள். அவள் எடுத்து வைத்தாள் என்று அத்தான் நினைத்தார். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆனவர்கள் இதையெல்லாம் கேட்டுக்கொள்வார்களா என்ன?

இரண்டாவது ஃபோட்டோ அடுத்த திங்கள், 12:08க்கு வந்தது. அதில் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. அந்த இடுக்கின் குறுக்கே ஒரு சங்கிலி தெரிந்தது. உள்ளே இருந்து மாட்டுகிற பாதுகாப்புச் சங்கிலி.

அக்கா வீட்டுக் கதவில் சங்கிலியே கிடையாது.

"வேற யார் வீட்டு வாசலையோ எடுத்து அனுப்பியிருக்கான்," என்றார் அத்தான். அக்கா ஃபோட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். கதவின் நடுவே மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் இருந்தது. குடிவந்த அன்று சிட்டு ஒட்டியது.

மூன்றாவது ஃபோட்டோ புதன்கிழமை 11:51க்கு. சங்கிலி விறைப்பாக இழுபட்டிருந்தது. இடுக்கு வழியாக நான்கு விரல்கள் வெளியே வந்து பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தன. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. விரல்கள் இருந்த இடம்தான் வேடிக்கை... முழங்கால் உயரம்.

"இவ்வளவு கீழ இருக்கே. ஏதோ சின்னப்பிள்ளை கை," என்றார் அத்தான். ஆனால் அவர் குரலில் சுருதி இறங்கிவிட்டது. சிட்டு அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அது நரம்பு புடைத்த, வயதான கை. அன்று சாயங்காலமே அத்தான் பூட்டை மாற்றினார். அக்கா அந்த இலவச விரைவு டெலிவரித் திட்டத்தை ரத்து செய்தாள். ஆளில்லாத நேரத்தில் வாசலுக்கு எதுவும் வரவேண்டாம் என்பது அவள் கணக்கு.

வியாழக்கிழமை சிட்டுவின் மாஸ்க்கில் கீறல் விழுந்தது. மருந்துக் கடையில் பெரியவர்கள் அளவுதான் இருந்தது. அக்கா ஃபோனை எடுத்தாள். காசு கொடுத்து விரைவாக வேண்டுமா, நான்கு நாளில் இலவசமாக வேண்டுமா என்று அது கேட்டது.

"இலவசத்தையே போடு. டேப் ஒட்டித் தர்றேன், திங்கள் வரைக்கும் தாங்கும்," என்றார் அத்தான்.

பிள்ளையும் அன்று நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா இலவசத்தை அழுத்தினாள். அந்த ஒரு தடவை அழுத்தியதை நினைத்து அவள் இன்றுவரை தன்னையே நொந்துகொள்கிறாள்.

வெள்ளிக்கிழமை சிட்டுக்குச் சளி கட்டியது. அக்கா லீவு போட்டாள். மதியம் 3:20க்குப் பிள்ளை படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சில் லேசான விசில் சத்தம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

எண்ணிக்கை தப்பியது.

ஒரு இழுப்பு இங்கே. அது முடிவதற்குள் இன்னொன்று... கூடத்திலிருந்து. இரண்டு பேர் மூச்சு இழுத்தார்கள்.

3:26. ஃபோன் அதிர்ந்தது. "உங்கள் ஆர்டர் விரைவு டெலிவரிக்கு மாற்றப்பட்டது."

அத்தான் மாற்றியிருப்பார் என்று அவரைக் கூப்பிட்டாள். அவர் எங்கோ லிஃப்ட் குழிக்குள் இருந்தார். தொடர்பு கிடைக்கவில்லை.

4:05. புது நம்பர்.

"மேடம், வண்டி ஓட்டிட்டு இருக்கேன். சும்மா சும்மா கூப்பிடாதீங்க."

"நான் கூப்பிடவே இல்லையே?"

"இப்பக்கூடப் பேசினீங்களே. மூச்சு வாங்க... இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம்னு..."

அவன் வைத்துவிட்டான்.

4:09. சிட்டு விழித்தாள். விழிக்கும்போதே மூச்சு இழுத்தது. அக்கா மெஷினைப் போட்டாள். டேப் பிய்ந்து மாஸ்க் இரண்டாகப் பிளந்தது. புகை முழுக்க வெளியே போனது. பிள்ளையின் உதடு கறுக்க ஆரம்பித்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள்.

4:17. வாசல் மணி.

அக்கா எழுந்தாள். அறை வாசலைக்கூட இன்னும் தாண்டியிருக்கவில்லை.

சலக்...

சங்கிலிச் சத்தம்.

கதவு திறந்தது. "இந்தாங்கம்மா" என்று ஒரு ஆண் குரல். கதவு மூடியது.

பிறகு தரையில் எதுவோ நகர்ந்தது. சர்ர்ர்... சர்ர்ர்...

நின்றது.

அக்கா கூடத்துக்கு ஓடினாள். யாருமில்லை. அவள் போட்ட தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. செருப்பு ஸ்டாண்டின் மேல் பெட்டி. அதன் டேப் ஏற்கெனவே கிழித்து வைக்கப்பட்டிருந்தது.

யார் கிழித்தது என்று அவள் யோசிக்கவில்லை. மாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

4:34க்கு ஆம்புலன்ஸ் வந்தபோது சிட்டு "அம்மா" என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள். "நல்லவேளை, மாஸ்க் இருந்துச்சு. இல்லேன்னா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்கியிருக்காது," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அத்தான் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அன்றிரவு ஆஸ்பத்திரியில்தான் அக்கா நான்காவது ஃபோட்டோவைத் திறந்தாள். அதே சங்கிலி. அதே முழங்கால் உயரம். இந்த முறை இரண்டு கைகள்.

சனிக்கிழமை அத்தான் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போட்டார். டெலிவரியை மாற்றியது யார் என்று கேட்டார்.

"உங்க முகவரியில இன்னொரு கணக்கு இருக்கு சார்," என்றாள் அந்தப் பெண். "விரைவு டெலிவரிக் கட்டணம் அதுலேருந்துதான் போயிருக்கு. ஆனா மூணு வருஷமா யாரும் திறக்காத கணக்கு அது..."

வீட்டு ஓனரைப் பிடித்து உலுக்கியபோதுதான் மீதி வெளியே வந்தது.

"மூணு வருஷத்துக்கு முன்னால அந்த வீட்டுல ஒரு அம்மா தனியா இருந்தாங்க. மூச்சு மெஷினுக்கு மாஸ்க் ஆர்டர் போட்டிருந்தாங்களாம். அஞ்சாம் நாள் பார்சல்காரன் வந்து மணி அடிச்சுப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டான். உள்ள சங்கிலி மாட்டியிருந்துச்சு. அறுத்தோம். அப்பவும் கதவு நகரல. அவங்க தரையில உக்காந்து கதவுல சாஞ்சிருந்தாங்க. எழுந்திருக்க முடியாம அங்கயே காத்துட்டு இருந்திருக்காங்க."

ஓனர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போலீஸ்காரங்க ஃபோனைத் திறந்து பாத்துட்டுச் சொன்னாங்க. இலவசமா, விரைவான்னு கேக்குமே ஒரு பக்கம்... அதை நாலு நாள்ல பதினோரு தடவை திறந்து பாத்திருக்காங்க. ஒரு தடவைகூட விரைவை அமுத்தல."

அத்தான் அன்றே வேறு வீடு தேட ஆரம்பித்தார். அக்காதான் மாட்டேன் என்றுவிட்டாள். போன மாதம் நான் அங்கே போயிருந்தேன். கதவில் சங்கிலி இருந்த இடத்தில் மக்கு வைத்து அடைத்த இரண்டு ஆணித் துளைகளைத் தடவிப் பார்த்தேன். அக்கா சிட்டுக்கு மருந்து ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தாள். விரைவு டெலிவரி. டெலிவரிக்காரருக்கான குறிப்பு என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு வரி எழுதியிருந்தது.

"பெட்டியை நின்றபடி நீட்ட வேண்டாம். கீழே குனிந்து கொடுக்கவும்."

"எதுக்குக்கா இது?" என்றேன்.

அக்கா ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்களுக்கு எட்டலடா, பாவம்."