குடி அவருக்கு, சண்டை அக்காவுக்கு

"அது நம்ம பிரிவு இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறக்கிறாள் என் அக்கா. எதிரில் இருப்பது பல் டாக்டரின் வரவேற்புப் பெண். டோக்கனைக் கொடுத்த கையோடு, தன் மகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று புலம்ப ஆரம்பித்துவிட்டாள். அக்காவின் வலது கன்னம் வீங்கிப்போய் இருக்கிறது. வாயைத் திறந்தால் உயிர் போகிற வலி. ஆனாலும் பையின் பக்க அறையில் துழாவி ஒரு கார்டை எடுத்து நீட்டுகிறாள். "ஸ்கூல் பசங்களுக்குன்னே இவங்க இருக்காங்க. நான் புருஷன் பொண்டாட்டி மட்டும்தான் பார்ப்பேன். பல்லு வலின்னா நானும் இங்கதானே வந்தேன்? கண் டாக்டர்கிட்டயா போனேன்?"

அந்தப் பையில் வேலை தேடுகிறவர்களுக்கு, துக்கத்தில் இருப்பவர்களுக்கு, முதியவர்களுக்கு, குடியை விட நினைப்பவர்களுக்கு என்று தனித்தனியாக ஆலோசகர்களின் கார்டுகள் இருக்கும். அவளுடைய கார்டு மட்டும் தேடினால்தான் கிடைக்கும். அக்கா குடும்பநல ஆலோசகர். "கவுன்சிலிங்னா எல்லாம் ஒண்ணுதானே?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இரும்புக் கடையும் நகைக் கடையும் ஒண்ணா? ரெண்டு இடத்துலயும் உலோகம்தான் விக்கிறாங்க" என்பாள். கேட்டவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

அவளுடைய அறையில் மூன்று நாற்காலிகள். மூன்றும் இலேசானவை, யார் வேண்டுமானாலும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். வருகிற ஜோடி நாற்காலிகளை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. கடிகாரம் வந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கிறவர் எதிரில் மணிக்கட்டைப் பார்ப்பது, வாசலைக் காட்டுவது மாதிரி என்பாள். கணவனின் தரப்பைக் கேட்கும்போது மனைவியின் முகத்தைப் பார்ப்பாள், மனைவி பேசும்போது கணவனை. அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பாதி கடலில்தான். "அதனாலதான் நீ புருஷன் பொண்டாட்டி சண்டையை நிதானமா பார்க்கிறே" என்று நான் சீண்டுவேன். "போடா" என்பாள்.

ஊரின் ஆலோசகர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அக்காதான் தலைவி. சங்கத்து மலருக்கு எழுத்துப்பிழை பார்க்க என்னைப் பிடித்துப் போட்டிருப்பதால் கூட்டங்களுக்கு நானும் போவேன். காசு கிடையாது, டீ உண்டு. நூலகத்து மாடியில் வாடகைக்கு எடுத்த அறை. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுக்கிற ஆட்கள் ஒன்றாகக் கூடினால் எப்படி இருக்கும்? எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். துக்கப் பிரிவுக்காரர் சொல்கிற நகைச்சுவைக்குக் கூரை அதிரும். வேலைவாய்ப்புப் பிரிவுக்குத் தலைவர் கிடைக்காமல் அந்தப் பதவி வெகுநாளாகக் காலி.

பெரிய சண்டை எல்லைச் சண்டைதான். குடிக்கிற கணவனும் அழுகிற மனைவியும் சேர்ந்து வந்தால் அவர்கள் எந்தப் பிரிவுக்குச் சேர்த்தி? குடிமீட்புப் பிரிவின் தலைவர் ஒருவர் இருக்கிறார்; வாதாடுகிற வாதாட்டத்தில் அவருக்கு வக்கீல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. குடிதான் வேர், ஆகவே இருவரும் தன்னிடம்தான் வரவேண்டும் என்பார். "குடிக்கிறதுக்கு முன்னாடியே அவங்க அடிச்சுக்கிட்டாங்க சார்" என்பாள் அக்கா. பல கூட்டங்கள் இதிலேயே கரைந்தன. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது: குடி அவருக்கு, சண்டை அக்காவுக்கு. அவன் குடியை அங்கே பேச வேண்டும், இருவரும் சண்டையை இங்கே பேச வேண்டும். அங்கே பேசியது இங்கே வராது, இங்கே பேசியது அங்கே போகாது. அந்த விதியை வரிவரியாக எழுதியவள் அக்கா. பிழை பார்த்தது நான்.

பிறகு அவள் மகன் குடிக்க ஆரம்பித்தான்.

நல்ல பையன். கட்டட வரைபடம் போடுகிற வேலை. முதலில் நண்பர்களோடு என்றான், அப்புறம் தலைவலி என்றான், ஒரு நாள் காலையில் அலுவலகப் படியில் தடுமாறி விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டான். அக்கா அப்போது ஒரு தப்பு செய்தாள். அவள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கத்தவில்லை, அழவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "அந்த நேரத்துல உனக்குள்ள என்ன நடந்ததுன்னு சொல்ல முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் எதைச் சொன்னாலும் அதையே வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தவன் ஒரு நாள் தட்டை நகர்த்தி வைத்தான். "அம்மா, இந்த ஆபீஸ் குரல்ல என்கிட்ட பேசாத. திட்டணும்னா திட்டு. இல்லேன்னா என்னை விடு."

அன்றைக்கு அக்கா என்னிடம் வந்து, "என் வீட்டையே நான் பிரிவு மாத்திப் பார்த்துட்டேன்டா" என்று சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு.

மறுநாள் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து மகன் கையில் கொடுத்தாள். வக்கீலின் கார்டு. "எனக்கும் அந்த ஆளுக்கும் ஆகாது. ஆனா இந்த விஷயத்துல அவரை விட்டா ஆள் இல்ல." அவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போகிறேன், ஆனால் ஒன்று, என்றான். "நீ அவர்கிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. வர்றானான்னு கூட. கேட்டேன்னு தெரிஞ்சா அதோட நிறுத்திடுவேன்." அக்கா சரி என்றாள்.

இப்போது ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சாயங்காலம் அவன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் வக்கீலின் அறை. வலப்பக்கம் திரும்பினால் மதுக்கடை. அக்காவின் வீட்டு ஜன்னலிலிருந்து நிறுத்தம் வரைதான் தெரியும். அவன் திரும்பி வந்ததும் அவள் கண் அவனுடைய நடையில் இருக்கும், மூக்கு காற்றில் இருக்கும். அவனோ வாயில் சூயிங்கம்மோடு வருகிறான், அதனால் எதுவும் நிச்சயமில்லை. "நான் வேணா ஒரு தடவை பின்னாடியே போய் பார்த்துட்டு வரட்டுமாக்கா?" என்று கேட்டேன். "போனேன்னா இந்த வீட்டுப் படி ஏறாத" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவளுக்கு இந்த வைராக்கியம் எதற்கு என்று இருந்தது.

அதைவிடக் கொடுமை கூட்டங்கள். மகன் என்ன ஆனான் என்று தெரிந்த ஒரே மனிதர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார். அக்காவுக்கு முகத்தைப் படிக்கிற தொழில் வேறு. அதனால் அவர் பேசும்போது அவள் விசிறியைப் பார்க்கிறாள், குறிப்பெழுதுகிறவளைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். அவர் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. இன்னும் பழைய சண்டைதான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

சென்ற கூட்டத்தில் முதியோர் பிரிவின் அம்மா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். "உள்ள என்ன பேசினாங்கன்னு சொல்ல வேண்டாம். ஆனா வர்றாங்களா இல்லையான்னு மட்டுமாவது வீட்டுல இருக்கிறவங்களுக்குச் சொல்லலாமே. பாவம், அவங்க தவிச்சுப் போறாங்க."

அக்கா எழுந்தாள். "வளர்ந்த ஆள் ஒருத்தர் தன் காலால நடந்து உங்க அறைக்கு வர்றார். வந்தாரா வரலையாங்கிறதும் அவரோட விஷயம்தான். அதைச் சொல்லிட்டா, அப்புறம் மிச்சத்தை எவ்வளவு நாள் பூட்டி வைப்பீங்க?"

"நீங்க தலைவியா பேசுறீங்க மேடம்" என்றார் அந்த அம்மா. "ஒரு நிமிஷம் ஒரு அம்மாவா யோசிச்சுப் பாருங்க." அவருக்கு ஒன்றும் தெரியாது. அக்கா தண்ணீர் குடித்தாள். வக்கீல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தூக்கச் சொன்னபோது, ரகசியம் காப்பதில் அக்காவைவிடக் கறாரான அந்த மனிதர் தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. அக்கா தோற்றாள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அக்கா மகனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "அம்மாவைப் பத்தி எழுதுங்க மாமா. என்னைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் மட்டும் எழுதுங்க" என்றான். அதனால் அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதை நானும் அவனிடம் கேட்கவில்லை.

தீர்மானம் நிறைவேறிய அன்று, கூட்டம் கலைந்ததும், அக்காவும் நானும் பின்பக்கத்து டீ போடுகிற இடத்தில் நின்றோம். சங்கத்துக்கு வேலையாள் கிடையாது. கோப்பைகளைத் தலைவிதான் கழுவுவாள். எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்து அடுக்கியாகிவிட்டது. வக்கீல் கதவருகில் வந்து நின்றார். இவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"மேடம், இப்பதான் விதி மாறிடுச்சே. நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். நானா சொல்றேன். ஒரே வார்த்தை. உங்க பையன்..."

அக்கா குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் விழுந்து இரைந்தது. அவர் பக்கம் முதுகைக் காட்டி, கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, கழுவி வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினாள்.